வீட்டு வலையமைப்பில் இரண்டாவது திசைவி: ஒரு வரலாறு

வீட்டுக்குள் வரும் ஒரே இணைய இணைப்பைப் பல கருவிகளுக்குப் பகிர்ந்து தரும் கருவி திசைவி ஆகும். பேச்சு வழக்கில் இதை ரூட்டர் என்றும் வைஃபை பெட்டி என்றும் சொல்கிறோம். ஒரு திசைவியின் அலை வீடு முழுவதும் எட்டாதபோது இரண்டாவது திசைவி சேர்க்கப்படுகிறது. கடைக்குப் போய் ஒன்று வாங்கி வந்து கம்பியைச் செருகியும் இணையம் வராமல் திகைப்பவர்கள் பலர். இந்தச் சிக்கல் பெரும்பாலும் கருவியின் பழுதால் வருவதில்லை. வீட்டுத் திசைவி எந்தத் தேவைக்காகத் தோன்றியதோ, அந்தத் தேவையிலிருந்தே வருகிறது. அந்த வரலாறு தெரிந்தால் தீர்வும் எளிதில் விளங்கும்.

முகவரித் தட்டுப்பாடு

இணையத்தில் பேசும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐ.பி. முகவரி வேண்டும். 1981இல் வரையறுக்கப்பட்ட நான்காம் பதிப்பு நெறிமுறையில் முகவரியின் நீளம் 32 பிட்டுகள். அதனால் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே கிடைக்கும். பல்கலைக்கழகங்களும் ஆய்வகங்களும் மட்டுமே இணையத்தில் இருந்த காலத்தில் அது மிகப் பெரிய எண். 1990களின் தொடக்கத்திலேயே அது போதாது என்பது தெரிந்துவிட்டது.

1994 மே மாதம் எகெவாங், பிரான்சிஸ் என்ற இருவர் வலையமைப்பு முகவரி மாற்றம் என்ற வழியை ஆவணமாக வெளியிட்டனர். ஓர் இடத்தில் எத்தனை கருவிகள் இருந்தாலும் வெளியுலகுக்குச் சில முகவரிகள் தெரிந்தால் போதும் என்பதே அதன் அடிப்படை. இது குறுகிய காலத் தீர்வு என்றே அந்த ஆவணம் கூறியது. 1996இல் உள்முகவரிகளுக்கென 10, 172.16, 192.168 எனத் தொடங்கும் தொகுதிகள் உறுதி செய்யப்பட்டன. நம் வீட்டுத் திசைவிகளில் 192.168.1.1 என்ற எண்ணைக் காண்பது இதனால்தான்.

ஒரு முகப்பு, பல புள்ளிகள்

இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ளப் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே நல்ல உவமை இருக்கிறது. திருமயம், பொன்னமராவதி பகுதிகளில் இராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு போன்ற நகரத்தார் ஊர்களில் பெரிய வீடுகள் உள்ளன. அவற்றில் திருமணமான ஒவ்வொரு இணையும் ஒரு புள்ளி. வளவைச் சுற்றியுள்ள அறைகள் புள்ளிகளுக்குப் பங்காக ஒதுக்கப்படும். 'வேறு வைத்தல்' என்ற வழக்கப்படி சமையலும் தனித்தனி. ஆனால் தெருவுக்குத் தெரிவது ஒரு வீடு, ஒரு முகப்பு.

அந்த வீட்டுக்குத் தபால்காரர் கொண்டுவரும் கடிதங்கள் எல்லாம் முகப்பில்தான் வந்து சேரும். எந்தக் கடிதம் எந்த அறைக்கு என்பது முகப்பில் இருப்பவருக்குத் தெரியும். திசைவி செய்வதும் இதுவே. உள்ளே இருக்கும் கைப்பேசி ஒரு பக்கத்தைக் கேட்டால், கேட்டது யார் என்பதைப் போர்ட் எண்ணோடு ஒரு பட்டியலில் குறித்துக்கொண்டு, தன் பெயரில் வெளியே கேட்கிறது. பதில் வந்ததும் பட்டியலைப் பார்த்து உரிய கருவியிடம் சேர்க்கிறது.

புதிதாக வரும் கருவிக்கு உள்முகவரி தரும் வேலையையும் திசைவியே செய்கிறது. 1993இல் வெளியான டி.எச்.சி.பி. நெறிமுறை இதற்கு உதவுகிறது.

கம்பியிலிருந்து அலைக்கு

கம்பியில்லா வலையமைப்புக்கான 802.11 தரநிலை 1997இல் வெளியானது. அதன் வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999இல் அது 11 மெகாபிட்டாக உயர்ந்தது. வைஃபை என்ற பெயரும் அப்போதுதான் வந்தது. 2002 டிசம்பரில் அமெரிக்காவில் லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர்.டி.54ஜி திசைவி விற்பனைக்கு வந்தது. அதனுள் லினக்ஸ் இருப்பதை ஆர்வலர்கள் கண்டறிந்தனர். 2003இல் அதன் மூலநிரல் வெளியிடப்பட்டது. அதிலிருந்து 2004இல் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. என்ற கட்டற்ற மென்பொருள் திட்டம் பிறந்தது. பழைய திசைவியைத் தூக்கிப் போடாமல் வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் இதனால் பரவியது.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தொலைபேசி வழியே ஒரு கணினி மட்டும் இணைந்த அந்தக் காலத்தில் வீட்டில் திசைவிக்குத் தேவை இல்லை. 2004 அகலப்பட்டைக் கொள்கை நொடிக்கு 256 கிலோபிட்டைக் குறைந்தபட்ச வேகமாக வரையறுத்தது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். தன் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியது. அதே மாதம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த ஆற்றல் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று மத்திய அரசு அறிவித்தது. இந்த இரண்டும் சேர்ந்துதான் சிறு நகர வீடுகளுக்கும் வைஃபை பெட்டியைக் கொண்டுவந்தன.

சுவரும் அலையும்

பழைய வீடுகளில் சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. நகரத்தார் வீடுகள் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று பின்னோக்கி நீளும். சில வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட தடித்த சுவர்கள் வெயிலைத் தடுப்பதற்காகக் கட்டப்பட்டவை. அவை வைஃபை அலையையும் வெகுவாகக் குறைக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால் சுவரைத் தாண்டுவதில் 2.4 கிகாஹெர்ட்ஸைவிடப் பலவீனமானது. கம்பி தெருவிலிருந்து வருவதால் திசைவி முகப்பிலேயே நின்றுவிடுகிறது. குடும்பம் புழங்குவதோ பின்கட்டில்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது இது வெறும் வசதிக் குறைவாக இல்லை. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி ஓரளவு கைகொடுத்தது. இணைய வகுப்பில் படித்தவர்களுக்கு அலை எட்டும் இடமே வகுப்பறை ஆயிற்று. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால், அலை கிடைக்கும் ஒரே அறையில் இரண்டு ஆசிரியர்களின் குரலும் மோதும். வீட்டில் இரண்டாவது திசைவி இருப்பதும் இல்லாததும் ஒரு பிள்ளையின் படிப்பைத் தீர்மானிக்கும் நிலை அன்று வந்தது.

இரண்டாவது திசைவியைச் சேர்த்தல்

முகப்பில் ஒருவர் கடிதம் பிரிக்கும்போது இரண்டாம் கட்டில் இன்னொருவரும் தனிப் பட்டியல் வைத்துக்கொண்டு பிரிக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? உள்ளிருந்து கேட்டதற்குப் பதில் வந்து சேரும். வெளியிலிருந்து தாமாக வருபவை வழி தெரியாமல் நின்றுவிடும். இதையே இரட்டை முகவரி மாற்றம் என்கிறோம். முதல் திசைவியின் கம்பியை இரண்டாவதன் 'வான்' துளையில் செருகினால் இந்த நிலை ஏற்படுகிறது. இரண்டும் 192.168.1 தொகுதியையே பயன்படுத்தினால் இணையமே வராமல் போகலாம்.

ஒரு வீட்டுக்கு முகவரி பங்கிடுபவர் ஒருவரே இருக்க வேண்டும். அதற்கான வழி இது:

1. இரண்டாவது திசைவியை முதலில் தனியாகக் கணினியுடன் இணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என மாற்ற வேண்டும். முதல் திசைவி பங்கிடும் எண்களில் இது இடம்பெறக் கூடாது.
2. அதன் டி.எச்.சி.பி. வசதியை நிறுத்த வேண்டும்.
3. முதல் திசைவியின் 'லேன்' துளையிலிருந்து வரும் கம்பியை இரண்டாவதன் 'லேன்' துளையில் செருக வேண்டும்.
4. இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் தரலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய தடங்களில் வெவ்வேறானவற்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

புதிய திசைவிகளில் 'ஆக்சஸ் பாயிண்ட்' என்ற தெரிவு இருந்தால் முதல் மூன்று படிகளில் உள்ள அமைப்பு மாற்றங்களை அதுவே செய்துவிடும். கம்பி இழுக்க முடியாத இடத்தில் ரிப்பீட்டர் உதவும். ஆனால் அது ஒரே அலைவரிசையில் கேட்கவும் பேசவும் வேண்டியிருப்பதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். பழைய வீட்டில் சுவரைத் துளைக்க வேண்டியதில்லை. வளவின் ஓரமாகக் கம்பியைக் கொண்டுபோகலாம்.

இன்றைய நிலை

உலக அளவில் ஒதுக்க எஞ்சியிருந்த நான்காம் பதிப்பு முகவரித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் தீர்ந்தன. பல சேவை நிறுவனங்கள் தங்கள் தரப்பிலும் முகவரி மாற்றம் செய்வதால், நம் வீட்டுத் திசைவியே பல நேரங்களில் இரண்டாம் கட்டில்தான் இருக்கிறது. 128 பிட் நீளமுள்ள ஆறாம் பதிப்பு முகவரிகளில் ஒவ்வொரு கருவிக்கும் தனி விலாசம் தர முடியும். அதன் பயன்பாட்டில் இந்தியா முன்னணி நாடுகளில் ஒன்று. ஆனாலும் குறுகிய காலத்துக்கென 1994இல் சொன்ன ஏற்பாடு இன்றும் நம் வீட்டுப் பெட்டிகளுக்குள் இயங்கிக்கொண்டிருக்கிறது. அது இருக்கும் வரை, இரண்டாவது திசைவியைப் பொருத்துபவர் அதன் முகவரி பங்கிடும் வேலையை நிறுத்தி, அலை பரப்பும் வேலையை மட்டும் அதற்குத் தர வேண்டும்.