பித்ரி வேலைப்பாடு

கருநிற உலோகத்தில் வெள்ளியைப் பதித்து அழகூட்டும் தக்காணக் கைவினை. கர்நாடகத்தின் பீதர் நகரில் வளர்ந்ததால் இப்பெயர் பெற்றது.

தோற்றம்

உலோகக் கலங்களில் வெள்ளி பதிக்கும் மரபு 13ஆம் நூற்றாண்டில் மோசுல் நகரில் செழித்தது. பின்னர் மம்லூக்குகள் ஆண்ட கெய்ரோவிலும் டமாஸ்கசிலும் உச்சம் தொட்டது. அங்கே பெரும்பாலும் பித்தளையில் பதித்தார்கள்; பீதரில் துத்தநாகக் கலவையில் பதித்தார்கள். 15ஆம் நூற்றாண்டில் பஹ்மனி சுல்தான்கள் பீதரைத் தலைநகராக்கியபின், ஈரானியக் கைவினைஞர்கள் இக்கலையைக் கொண்டுவந்தனர் என்பது செவிவழிச் செய்தி. இன்று எஞ்சியுள்ள பழங்கலங்களில் பல 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கரிய தளத்தில் ஒளிரும் பதிப்பை விரும்பும் ரசனை அதற்கு முன்பே பீதரில் இருந்தது. பீதர்க் கோட்டையின் ரங்கீன் மகாலில் 16ஆம் நூற்றாண்டில் கருங்கல்லில் பதித்த முத்துச்சிப்பி வேலை இதற்குச் சான்று.

செய்முறை

துத்தநாகத்தோடு சிறிதளவு செம்பு சேர்த்து உருக்கி, மண் அச்சில் வார்ப்பார்கள். வார்ப்பை அரம் கொண்டு மழமழப்பாக்கி, மயில்துத்தக் கரைசல் பூசித் தற்காலிகமாகக் கருக்கி, அதன்மேல் கோலம் கீறுவார்கள். உளியால் கோடுகளைக் குடைந்து, வெள்ளிக் கம்பியையோ தகட்டையோ பொருத்திச் சுத்தியலால் தட்டி இறுக்குவார்கள். கம்பி பதிப்பது தார்கஷி. தகடு பதிப்பது தெஹ்நிஷான். மறுபடி தேய்க்கும்போது கலம் முழுவதும் வெளிறி, பூவும் கொடியும் கண்ணுக்கே தென்படாது. பீதர்க் கோட்டை மண்ணோடு நவச்சாரத்தைக் குழைத்துச் சூடான கலத்தில் தேய்த்ததும் துத்தநாகம் நிலையாகக் கறுக்கும்; வெள்ளி மட்டும் மாறாது. இக்கலையின் வியப்பெல்லாம் இந்தக் கடைசி வேலையில்தான் இருக்கிறது.

வளர்ச்சியும் மாற்றமும்

தக்காணத்தில் புகையிலை பரவியபின், ஹுக்காவின் அடிக்கலமே பித்ரியின் முதன்மைப் பொருளாயிற்று. தண்ணீர்க் குடுவை, வெற்றிலைப் பெட்டி, தட்டு ஆகியவையும் செய்யப்பட்டன. லக்னோ, புர்னியா, முர்ஷிதாபாத் ஆகிய ஊர்களிலும் கலை வேரூன்றியது.

19ஆம் நூற்றாண்டில் அரசவைகளின் ஆதரவு குன்றியது. ஹுக்கா பழக்கமும் மெல்ல மறைந்தது. 1851இல் லண்டன் பெருங்கண்காட்சியில் பித்ரிக் கலங்கள் வைக்கப்பட்டு ஐரோப்பியரைக் கவர்ந்தன. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் கெய்ரோ, டமாஸ்கசு கைவினைஞர்களும் மம்லூக் பாணிக் கலங்களைப் பயணிகளுக்காக மீண்டும் செய்யத் தொடங்கினர். பீதரில் பூச்சாடியும் நகைப்பெட்டியும் ஹுக்காவின் இடத்தைப் பிடித்தன. வாங்குவோர் மாறியும் பதிப்பு முறை தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது.

இன்று

பித்ரிக்கு 2006இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பீதர்க் கலைஞர் ஷா ரஷீத் அகமது காதிரிக்கு 2023இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அரசவைகள் மறைந்தபின் இக்கலையைக் காத்தவை பட்டறைகளே. அந்தக் கைத்திறனுக்குச் சேர வேண்டிய மதிப்பு இது.