அரண்மனைக்குப் பிறந்த தேவாலயம்

ஊட்டியில் பழைய கட்டடம் என்று இருந்தால் அதற்கு ஒரு பேயும் இருந்தே தீரும். பங்களாவுக்கு வெள்ளைக்கார துரை, விடுதிக்கு வெள்ளை கவுன் போட்ட துரைசாணி, தோட்டத்து லயத்துக்கு நம்மூர் முனி. மூடுபனியும் சீக்கிரமே அடங்கிவிடும் தெருக்களும் இருக்கையில் கதைக்கு என்ன பஞ்சம்! மைசூர் போகும் சாலையோர மேட்டில் நிற்கும் புனித ஸ்தேவான் தேவாலயத்தின் பின்சரிவில் கல்லறைகள் வேறு. ஊட்டியை உருவாக்கிய ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். துரைசாணிப் பேய்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆவியாக வர நியாயம் உள்ளது ஒன்றுதான்: இந்தத் தேவாலயத்துக்காக உயிரை விட்ட ஓர் அரண்மனை.

கோவை கலெக்டர் சல்லிவன் மலையேறியது 1819இல். பத்தே ஆண்டுகளில், காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் பயந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் இங்கே திரண்டுவிட்டார்கள். அவர்கள் கூடித் தொழ ஓர் இடம் வேண்டும். சென்னை கவர்னர் ஸ்டீபன் ரம்போல்டு லஷிங்டன் முன்கை எடுத்தார். மன்னர் நான்காம் ஜார்ஜின் பிறந்தநாள் கொண்டாடப்பட்ட 1829 ஏப்ரல் 23 அன்று அடிக்கல் நாட்டினார்கள். வரைபடம் கேப்டன் ஜான் ஜேம்ஸ் அண்டர்வுட்டுடையது. (ஸ்டீபன் கட்டிய கோயிலுக்கு ஸ்தேவான் பெயர் அமைந்தது தற்செயல் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.)

சுவர் எழுப்பிவிடலாம். கூரைக்கு எங்கே போவது? அன்றைய உதகை புல்வெளியும் சோலைக்காடும்தான். சோலை மரங்கள் காற்றுக்கு வளைந்து, கட்டையாக, முறுக்கிக்கொண்டு வளர்பவை. நீண்ட உத்தரத்துக்கு ஆகாது. இன்று மலையெங்கும் ஓங்கி நிற்கும் யூகலிப்டஸ் 1840களில்தான் வந்து சேர்ந்தது. ஆகவே கண் கீழே இறங்கியது, ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கி.

அங்கே தீவின் கிழக்குக் கோடியில் இருந்தது திப்பு சுல்தானின் லால்பாக் அரண்மனை. பெங்களூர் லால்பாக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1799 மே 4இல் கோட்டை விழுந்து திப்பு கொல்லப்பட்டதும், மைசூர் அரசு உடையார் வம்சத்துக்குத் திரும்பியது. தீவை மட்டும் கம்பெனி தன்னிடமே வைத்துக்கொண்டது. அதனால் அரண்மனையைப் பிரிக்க யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இதில் குடும்பக் கதை ஒன்றும் உண்டு. அன்று கோட்டையை முற்றுகையிட்ட படைக்குத் தளபதி ஜெனரல் ஜார்ஜ் ஹாரிஸ். அவருடைய மகளைத்தான் லஷிங்டன் கட்டியிருந்தார். பின்னாளில், 1840இல், மாமனாரின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதி வெளியிட்டார். மாமனார் கோட்டையைப் பிடித்தார். முப்பது வருடம் கழித்து மருமகன் கூரையைப் பிரித்தார். வரலாற்றுப் புத்தகங்கள் இதைச் சிக்கனத்துக்காகச் செய்த காரியம் போலக் கடந்துவிடுகின்றன. எனக்கு இதில் வெற்றிச் சின்னத்தின் வாடையும் அடிக்கிறது.

நூறு கிலோமீட்டருக்கும் மேலான தூரம், ஒன்றரை கிலோமீட்டர் உயரம். பிரித்த உத்தரங்களை யானைகள் இழுத்து வந்தன என்று ஊரில் சொல்வார்கள். சென்னைக்கு அப்போது தனி பிஷப் கிடையாது. கல்கத்தா பிஷப் ஜான் மத்தியாஸ் டர்னர் வந்து 1830 நவம்பர் 5 அன்று பிரதிஷ்டை செய்தார். 1831 ஏப்ரல் 3, ஈஸ்டர் ஞாயிறன்று கதவு திறந்தது. சுல்தானின் தலைக்கு மேலிருந்த உத்தரங்களுக்குக் கீழே, அவரை வென்றவர்கள் முழந்தாளிட்டார்கள்.

1972 கிறிஸ்துமஸ் அன்று பிபிசி ‘தி ஸ்டோன் டேப்’ என்றொரு நாடகத்தை ஒளிபரப்பியது. எழுதியவர் நைஜல் நீல். பழைய கட்டடத்தின் கல் நடந்ததைப் பதிவு செய்து வைத்திருக்கும், அது திரும்ப ஓடுவதைத்தான் பேய் என்கிறோம் என்பது அதன் கரு. கல் பதிவு செய்யுமோ என்னவோ, மரம் நிச்சயம் செய்யும். ஜனவரி இரவில் ஊட்டியில் குளிர் பூஜ்யத்தை நெருங்க, பகல் வெயிலில் விரிந்த மரம் சுருங்கி முனகும். பேய்ச் சத்தங்களில் பாதிக்கு அது போதும். ஆண்டு வளையமோ வேறு கணக்கு. நல்ல மழை பெய்த வருடம் அகலமாகவும், வறண்ட வருடம் ஒடுக்கமாகவும் மரத்துக்குள் வரிசையாக நிற்கும். தேக்கில் இவ்வளையங்கள் தெளிவாக விழுவதால், பழைய பருவமழையைக் கணிக்க ஆய்வாளர்கள் அதையே நாடுகிறார்கள். அந்த உத்தரங்கள் தேக்கு என்றே சொல்கிறார்கள். அப்படியானால் திப்பு பிறப்பதற்கு முன் மைசூர்க் காட்டில் பெய்த மழைகூட அதில் இருக்கலாம். கால இயந்திரம் எதுவும் வேண்டாம். பென்சில் கனத்தில் ஒரு துளை போட்டு மாதிரி எடுத்தால் போதும். தேவாலயம் இப்போது தென்னிந்தியத் திருச்சபையின் கையில் இருக்கிறது. இருநூறு வருடக் கூரையில் துளை போட வருகிறேன் என்று யாராவது துரப்பணத்தோடு போய் நின்றால் ஆயர் என்ன சொல்வார் என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.