மிதக்கும் உயிரணு

கொழுப்பு உயிரணு எவ்வாறு உருவாகிறது என்று நாம் அறிந்தவற்றுள் பெரும்பங்கு சுண்டெலிக் கருவுக்குக் கடன்பட்டது. 1962இல் நியூயார்க்கில் ஜார்ஜ் டொடாரோவும் ஹோவர்ட் கிரீனும் அக்கருவிலிருந்து வளர்த்த உயிரணு மரபுக்கு 3டி3 என்று பெயர். மூன்று நாளுக்கொருமுறை மூன்று லட்சம் உயிரணுக்களைப் புதுத் தட்டுக்கு மாற்றியதால் வந்த பெயர். கவித்துவம் எதிர்பார்ப்போர் ஏமாறுவர். அவற்றுட் சில, பெருகுவதை நிறுத்தியதும் எண்ணெய்த் துளிகளைத் திரட்டுவதை 1974இல் எம்.ஐ.டி.யில் கிரீனும் ஓலனியி கெஹிண்டேயும் அறிவித்தனர். கொழுப்பேறுதலை ஆய்வுத் தட்டிலேயே பார்க்க முடிந்தது.

ஆனால் அது எலி. அவ்வுயிரணுவில் சிறு துளிகள் பல. முதிர்ந்த மனிதக் கொழுப்பு உயிரணுவில் பெருந்துளி ஒன்றே. அதையே வளர்க்கலாமென்றால், உள்ளிருக்கும் கொழுப்பினால் மிதந்துவிடும்; தட்டின் அடியில் ஒட்டாது. 1986இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் குடுவையை ஊட்டநீரால் முழுதும் நிரப்பினர். மிதந்தவை மேற்கூரையில் ஒட்டின. ஒட்டியவை நாளடைவில் தம் கொழுப்பைத் துறந்து இளமை வடிவுக்கே திரும்பியதுதான் விந்தை. திசுவிலிருந்து பிரிந்த உயிரணு தன் இயல்பையும் இழக்கிறது.

பருத்த உடலின் கொழுப்புத் திசுவில், கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள் குவிகின்றன என்று 2003இல் தெரிந்தது. இன்று மனித உயிரணுக்களை முப்பரிமாண ஜெல்லில், அவ்வெள்ளணுக்களோடும் இரத்தநாள உயிரணுக்களோடும் சேர்த்தே வளர்க்க முயல்கிறார்கள்.