பாட்டுக்கும் உண்டு அறிவிப்பாளர் தொடர்

பக்தாதில் அரசோச்சிய கலீபா ஹாரூன் அர்ரஷீத் (ஆட்சி கி.பி. 786-809) தம் அவைப் பாடகர்களை அழைத்து, அரபு மொழியில் வழங்கும் பாடல்கள் அனைத்திலும் தலைசிறந்த நூற்றினைத் தேர்ந்து தருமாறு பணித்தார். இப்ராஹீம் அல் மவ்ஸிலீ, இப்னு ஜாமிஃ, ஃபுலைஹ் ஆகிய மூவர் அப்பணியை ஏற்றனர். நூற்றைப் பத்தாகச் சுருக்கச் சொன்னார் கலீபா, சுருக்கினர். பத்தை மூன்றாக்கச் சொன்னார், அதுவும் ஆயிற்று. இச்செய்தியைத் தொடக்கமாகக் கொண்டே, பத்தாம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் அல் இஸ்ஃபஹானீ தம் ‘கிதாபுல் அகானீ’ என்னும் பெருநூலை எழுதினார். ஐம்பதாண்டு உழைப்பின் விளைவு அது என்பர். 1868இல் எகிப்தின் பூலாக் அச்சகம் அதனை இருபது பாகங்களாக வெளியிட்டது.

அந்நூலைப் புரட்டுவோர் ஒன்றைக் கண்டு வியப்பர். ஒவ்வொரு பாடலுக்கும் கவிஞர் யார், மெட்டமைத்தவர் யார், தாளம் எது என்பதைச் சொல்வதோடு ஆசிரியர் நிற்பதில்லை. இன்னார் இன்னாரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார் என்று, ஹதீஸ் கலையில் நாம் பயின்ற இஸ்னாதைப் போலவே, அறிவிப்பாளர் தொடரையும் அமைக்கிறார். இசையைப் பற்றிய மார்க்கச் சட்டத்தை ஆய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதனை இமாம் கஸ்ஸாலியின் ‘இஹ்யா’விலும் ஃபிக்ஹு நூல்களிலும் காண்க. பழம்பாடல்களுள் எது நிலைக்கிறது, அதனைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்னும் வரலாற்று வினாவை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்கிறோம். அதற்குச் சான்றாக, பக்தாதுக்கு வெகு தொலைவில் உள்ள அமெரிக்க வானொலியைப் பார்ப்போம்.

அமெரிக்காவுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். 1951இல் இலங்கை அரசோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’வின் ஒலிபரப்பு இலங்கையிலிருந்தும் அஞ்சல் செய்யப்பட்டது. கடலுக்கு இக்கரையில் இருந்த நம் ஊரில் அது தெளிவாகவே கேட்டது. கொழும்புச் சபர் முடித்து வந்த நம் பெரிய வாப்பாவிடம் ஒரு சிற்றலை வானொலிப் பெட்டி இருந்தது. 1980களில், இஷாத் தொழுகைக்குப் பின் சில இரவுகளில் அதனைத் திருப்புவார். வில்லிஸ் கானோவர் என்னும் அறிவிப்பாளர் ஆழ்ந்த குரலில், சொல் சொல்லாக நிறுத்தி, ஆங்கிலம் அறியாதாரும் பின்தொடருமாறு பேசுவார். ஒரு பாடலை ஒலிபரப்பினால் பாடியவர், இசைத்தவர் முதலியோரின் பெயர்களைச் சொல்லாமல் விடமாட்டார். 1955இல் ‘மியூசிக் யு.எஸ்.ஏ.’ என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கிய அவர், 1996இல் காலமாகும் வரை அப்பணியில் இருந்தார். அந்நிகழ்ச்சியின் ஒரு பகுதி ஜாஸ் இசைக்கு; மற்றொரு பகுதி அமெரிக்கரின் பழகிய பாடல்களுக்கு. வெளிநாட்டார்க்கான அவ்வொலிபரப்பை உள்நாட்டில் பரப்பலாகாது என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தமையால், உலகறிந்த அவரைச் சொந்த நாட்டார் அதிகம் அறியார்.

பெரிய வாப்பா அப்பெயர்களைக் கேட்டுத் தலையசைப்பார். “இவன் நேர்மையான ஆளு, வாப்பா. பாட்டுக்குச் சொந்தக்காரன் பேரை மறைக்க மாட்டேங்குறான்” என்று ஒருநாள் நம்மிடம் சொன்னார். அந்தச் சொல்லே இக்கட்டுரைக்கு வித்து.

அமெரிக்கர் ‘ஸ்டாண்டர்டு’ என்று வழங்கும் பாடல்களை ‘நிலைத்த பாடல்கள்’ என்று நாம் தமிழில் சொல்லலாம். பெரும்பாலும் 1920 முதல் 1950 வரை நாடக மேடைக்கும் திரைப்படத்துக்கும் எழுதப்பட்டு, பின்னர்ப் பலராலும் பாடப்பட்டவை இவை. இர்விங் பெர்லின், ஜார்ஜ் கெர்ஷ்வின், கோல் போர்ட்டர், ஹெரால்டு ஆர்லன் முதலியோர் ஆக்கியவை. பிங் கிராஸ்பி, ஃபிராங்க் சினாட்ரா, எல்லா ஃபிட்ஜெரால்டு, நாட் கிங் கோல் போன்றோர் பாடியவை. சிறந்தவை நிலைத்தன, ஏனையவை மறைந்தன என்று எண்ணுவது எளிது. வரலாறோ வேறு கதை சொல்கிறது.

1935 பிப்ரவரியில், நியூயார்க்கின் டபிள்யு.என்.இ.டபிள்யு. நிலையத்தில் மார்ட்டின் பிளாக் என்னும் இளம் அறிவிப்பாளர் பணியில் இருந்தார். விமானி லிண்ட்பெர்கின் குழந்தையைக் கடத்திக் கொன்றதாக ஹாப்ட்மன் மீது நடந்த வழக்கின் செய்திகளை அந்நிலையம் ஒலிபரப்பி வந்தது. செய்திக்கும் செய்திக்கும் இடையே இருந்த வெற்று நேரத்தை நிரப்ப, அவர் கடையிலிருந்து இசைத்தட்டுகளை வாங்கி வந்து சுழலவிட்டார். பாடகர் குழு நேரில் வந்து பாடுவது போன்ற பாவனையில் அமைந்த அந்நிகழ்ச்சிக்கு ‘கற்பனை நடனக் கூடம்’ எனப் பொருள்படும் பெயரிட்டார். இவ்வுத்தி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஆல் ஜார்விஸ் என்பாரிடமிருந்து பெற்றதே. எனினும், தட்டைத் தேர்ந்து ஒலிக்கவிடும் அறிவிப்பாளர் என்னும் தொழில் பெரும்புகழ் பெற்றது இங்கேதான்.

அக்காலத்து இசைத்தட்டுகள் பலவற்றில் ‘வானொலிக்கு அனுமதியில்லை’ என்ற பொருளில் அச்சிட்டிருப்பர். பால் வைட்மன் என்னும் இசைக்குழுத் தலைவரின் தட்டுகளை ஒலிபரப்பியது குறித்து மேற்சொன்ன நிலையத்தார் மீது எழுந்த வழக்கில், தட்டை விற்ற பின் அதன் ஒலிபரப்பைத் தடுக்கும் உரிமை இல்லை என்று 1940இல் நீதிபதி லேர்னட் ஹேண்ட் தீர்ப்பளித்தார். பழம்பாடல் வானொலிக்குக் கதவைத் திறந்தது இசையறிவன்று. ஒரு நீதிமன்றத் தீர்ப்பு.

அடுத்து வந்தது பணத் தகராறு. பாடலாசிரியர்களின் உரிமைத் தொகையைத் திரட்ட 1914இல் நிறுவப்பட்ட ‘ஆஸ்காப்’ சங்கம் கட்டணத்தை உயர்த்தக் கோரியது. வானொலி முதலாளிகள் 1939இல் ‘பி.எம்.ஐ.’ என்னும் போட்டி நிறுவனத்தை உருவாக்கினர். 1941 ஜனவரி முதல் நாளிலிருந்து அக்டோபர் இறுதிவரை பெரிய வானொலி வலையமைப்புகளில் ஆஸ்காப் பாடல்கள் ஒலிக்கவில்லை. பெர்லினும் போர்ட்டரும் கெர்ஷ்வினும் வானொலியில் மறைந்தனர். உரிமைக்காலம் கடந்துபோன பாடல்கள் அவ்விடத்தை நிரப்பின. 1864இல் இறந்த ஸ்டீஃபன் ஃபாஸ்டரின் பாடல்கள் திரும்பத் திரும்ப முழங்கின. கேட்பவர் கேட்டாரா? இல்லை. கட்டணம் கேட்க அவருக்கு ஆளில்லை, அவ்வளவே.

1942 ஆகஸ்டில் இசைக் கலைஞர் சங்கத் தலைவர் பெட்ரில்லோ, இனி ஒலிப்பதிவுக்கு எவரும் கருவி தொடலாகாது என ஆணையிட்டார். பெரிய நிறுவனங்களோடு உடன்பாடு ஏற்பட 1944 நவம்பர் வரை ஆயிற்று. பாடகர்க்கு அவ்வாணை இல்லாமையால், சினாட்ரா 1943இல் கருவியின்றி, குரற்குழுவை மட்டும் துணையாகக் கொண்டு பதிவு செய்தார். இசைக்குழுவின் ஓரத்தில் நின்ற பாடகர் நடுவிடத்துக்கு நகர்ந்ததற்கு இவ்வேலைநிறுத்தமும் ஒரு காரணமாயிற்று.

இதே தடைதான் மற்றொரு பாடலுக்கு மறுபிறவி தந்தது. 1931இல் ஹெர்மன் ஹப்ஃபெல்டு ஒரு மேடை நாடகத்துக்கு எழுதிய ‘ஆஸ் டைம் கோஸ் பை’ மெல்ல மறக்கப்பட்டிருந்தது. 1942இல் வெளியான ‘காசபிளாங்கா’ திரைப்படத்தில் அது இடம்பெற்றதும் மக்கள் அதன் தட்டைத் தேடினர். புதிதாகப் பதிவு செய்யவோ வழியில்லை. எனவே 1931இல் ரூடி வாலி பாடிய பழைய பதிவே மீண்டும் வெளிவந்து, 1943இல் பெரும் வெற்றி பெற்றது. இன்று எவரும் ஐயமின்றி ‘நிலைத்த பாடல்’ என்று சொல்லும் ஒன்று, ஒரு திரைப்படமும் ஒரு வேலைநிறுத்தமும் கைகொடுக்க எழுந்து வந்தது.

அப்படியாயின் நல்ல செவிக்கு வேலையே இல்லையா? உண்டு. 1956இல் நார்மன் கிரான்ஸ் என்னும் தயாரிப்பாளர் எல்லா ஃபிட்ஜெரால்டைக் கொண்டு கோல் போர்ட்டரின் பாடல்களை மட்டும் தொகுத்து நெடுநேர இசைத்தட்டாக வெளியிட்டார். தட்டின் பெயரிலேயே ஆசிரியர் பெயரும் இடம்பெற்றது. கெர்ஷ்வின், பெர்லின், ஆர்லன் என்று 1964 வரை அவ்வரிசை நீண்டது. இதனை நாம் திவானைத் தொகுக்கும் பணிக்கு ஒப்பிடுவோம். 1972இல் அலெக் வைல்டர் என்னும் இசைவாணர், 1900 முதல் 1950 வரையிலான பாடல்களை மெட்டு மெட்டாக ஆய்ந்து நூலாக்கினார். பின்னர்ப் பொது வானொலியில் தொடர் நிகழ்ச்சியாகவும் அவற்றை விளக்கினார். விற்பனை எவ்வளவு என்று இவர்கள் கேட்கவில்லை. இது நல்ல பாடலா, ஏன் நல்லது என்று கேட்டனர்.

இதற்குள் ராக் இசை இளைஞரை ஈர்த்துக்கொண்டது. விற்பனையில் முந்தும் நாற்பது பாடல்களையே சுழற்றும் முறையும் பரவிற்று. 1970களின் இறுதியில், தெளிந்த ஒலியுடைய பண்பலை, மத்திய அலையை முந்தியது. நேயர்களை இழந்த மத்திய அலை நிலையங்கள் தவித்தபோது, 1978இல் ஆல் ஹாம் என்னும் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ‘உங்கள் வாழ்வின் இசை’ எனப் பொருள்படும் பெயரில் நிலைத்த பாடல்களைத் தொகுத்து, நாடெங்கும் உள்ள நிலையங்களுக்கு விற்றார். முதியோர் மகிழ்ந்தனர், தங்கள் இளமையை எவரோ நினைவு வைத்திருக்கிறார் என்று உணர்ந்தனர். ஆனால் தேர்வு ஓரிடத்தில் நடந்தது. உள்ளூர் அறிவிப்பாளரின் செவிக்கும், அவர் அலமாரியில் தூசி படிந்திருந்த அரிய தட்டுக்கும் இடம் குறைந்தது.

பாடல்களுக்குக் குறையில்லை, கேட்போரின் வயதே குறையாயிற்று. விளம்பரதாரர் பெரிதும் நாடியது 25 முதல் 54 வயதினரை. அதற்கு மேற்பட்டவர் பழகிய பொருளை மாற்றமாட்டார் என்பது அவர்கள் கணக்கு. மார்ட்டின் பிளாக் தட்டுச் சுழற்றிய அதே நிலையம் 1992 டிசம்பரில் கைமாறி, வணிகச் செய்தி நிலையமாயிற்று. அம்மாதமே நியூயார்க் டைம்ஸ் நிறுவனத்தின் டபிள்யு.கியூ.இ.டபிள்யு. நிலையம் அப்பாடல்களை ஏற்றுக்கொண்டது. ஆறாண்டுகளே அது நடந்தது. 1998 மே மாதத்தில் சினாட்ரா இறந்தார். அவ்வாண்டு முடிவதற்குள் அந்நிலையம் டிஸ்னியின் சிறுவர் ஒலிபரப்புக்குக் குத்தகையாயிற்று. நேயர்கள் உயிரோடிருந்தனர், ஆனால் அவர்களுக்கு விலையில்லை என்று சந்தை தீர்ப்பளித்துவிட்டது. பெரியோரை ஓரத்தில் அமர்த்துவது எந்நாட்டில் நடந்தாலும் நெஞ்சை உறுத்துவதே.

இன்று அப்பாடல்கள் பெரிதும் செயற்கைக்கோள் வானொலியிலும் இணையத்திலும் வாழ்கின்றன. அமெரிக்காவில் பணிபுரியும் நம் தம்பி மகன் விடுமுறையில் வந்தபோது, “பெரிய வாப்பா, நீங்க சொல்ற பாட்டெல்லாம் இதுல வரும்” என்று தன் கைபேசியில் ஓர் இணைய வானொலியைத் திறந்து வைத்தான். ஒரு மாலை முழுதும் கேட்டோம். குரல்கள் இனிமையாகவே இருந்தன. ஆனால் சினாட்ராவின் அதே சில பாடல்கள் மீண்டும் மீண்டும் வந்தன. பாடியவர் பெயரும் பாட்டின் தலைப்பும் திரையில் ஓடின. எழுதியவர், மெட்டமைத்தவர் எவர் பெயரும் இல்லை. பேசும் அறிவிப்பாளரே இல்லை.

அம்மாலையில் ஒலித்த ‘மை வே’யையே எடுத்துக்கொள்வோம். அதன் மெட்டு பிரான்சில் 1967இல் குளோது பிரான்சுவாவும் ழாக் ரெவோவும் அமைத்தது. 1968இல் அதற்கு ஆங்கிலச் சொற்களை எழுதிய பால் ஆன்கா, கனடாவில் பிறந்த அரபு வழித்தோன்றல். ‘பாய்ன்சியானா’ கியூப நாட்டுப்பாடல் ஒன்றிலிருந்து 1936இல் உருவானது. பிட்ஸ்பர்கில் பிறந்து, 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் இஸ்லாத்தைத் தழுவிய பியானோக் கலைஞர் அஹ்மத் ஜமால், 1958இல் சிகாகோவில் அதற்குத் தந்த வடிவம் இசையுலகில் அழியாப் பெயர் பெற்றது. 2023இல் அவர் மறைந்தார். ஒவ்வொரு பாடலுக்குள்ளும் இத்தனை நாடுகள், இத்தனை மனிதர்கள். தொடரை அறுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு குரல் மட்டுமே.

இங்குதான் நாம் மீண்டும் பக்தாதை நினைக்கிறோம். கிதாபுல் அகானீயில் கவிஞர் பெயர் இருக்கிறது. மெட்டமைத்தவர் பெயர் இருக்கிறது. எந்த விரலால் எந்த நரம்பைத் தொட்டனர் என்ற குறிப்பும் இருக்கிறது. ஆனால் ஹாரூன் கேட்ட அந்த மூன்று பாடல்கள் எப்படி ஒலித்தன என்பதை இன்று எவராலும் கேட்க இயலாது. அமெரிக்காவிலோ ஒலி அப்படியே தட்டில் நிற்கிறது, பெயர்கள் உதிர்கின்றன. அங்கே பெயர் நின்றது, இசை போயிற்று. இங்கே இசை நிற்கிறது, பெயர் போகிறது. ஒலியைக் காக்கப் பொறி போதும். பெயரைக் காக்க மனிதர் வேண்டும்.

தமிழில் ஹதீஸைச் சொன்னவரையும் ‘அறிவிப்பாளர்’ என்கிறோம். வானொலியில் பேசுபவரையும் ‘அறிவிப்பாளர்’ என்கிறோம். இரண்டின் மதிப்பும் ஒன்றல்ல. ஆயினும் கேட்டதை, கேட்ட இடம் சொல்லி ஒப்படைக்கும் கடமை இருவர்க்கும் உண்டு. நாகூர் ஈ. எம். ஹனீபாவின் குரலை அறியாத வீடு நம்மிடையே அரிது. அவர் பாடிய பாடல்களை எழுதிய புலவர்களின் பெயர்களை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? பெண்மணிகள் பாடும் தாலாட்டை எந்தப் பாட்டி எவரிடம் கேட்டார் என்று நாம் குறித்து வைத்தோமா?

பெரிய வாப்பா இன்றில்லை. அவருடைய வானொலிப் பெட்டியும் பழுதுற்று, பரண்மேல் கிடக்கிறது. நம் வீட்டில் ஒரு பாட்டு ஒலித்தால், “இதைக் கட்டினவர் யார்?” என்று கேட்கும் வழக்கம் மட்டும் எஞ்சியிருக்கிறது. தம்பி மகனுக்கும் அதனைக் கற்றுக்கொடுத்து அனுப்பினோம். ஊர் போய்ச் சேர்ந்ததும் அவன் எழுதிய முதல் செய்தியில் ஒரு பாடலின் தலைப்பும், அதன் கீழே நான்கு பெயர்களும் இருந்தன.