விமானப் பரிசோதனைச் செலவும் தரவு அகழ்வும்

குண்டசாலைப் பிரதேசத்தில் அமைந்துள்ள பல்லேகலை கைத்தொழிற் பூங்காவில் விமானங்கள் தயாரிக்கப்படுவதில்லை. எனினும், ஒரு பொருளைச் சந்தைக்கு அனுப்புமுன் சோதித்துப் பார்க்க எவ்வளவு செலவாகும் என்ற கேள்வி எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் பொதுவானதாகும். அக்கேள்வி மிகக் கடுமையாக எழும் துறை விமான உற்பத்தியே. கட்டமைப்பின் வலிமை, இயந்திரம், மின்னணுச் சாதனங்கள், பறப்பு எனப் பல கட்டங்களில் நடைபெறும் சோதனைகளின் செலவைப் பல ஆண்டுகளுக்கு முன்னதாகவே மதிப்பிட வேண்டியுள்ளது.

இம்முயற்சி புதியதன்று. உற்பத்தி எண்ணிக்கை இரு மடங்காகும்போதெல்லாம் விமானமொன்றுக்குத் தேவையான உழைப்பு ஏறத்தாழ 20 சதவீதத்தால் குறைகின்றதென அமெரிக்கப் பொறியியலாளர் தியோடர் றைட் 1936 இல் எடுத்துக்காட்டினார். பின்னர் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம், விமானத்தின் எடை, வேகம், சோதனை விமானங்களின் எண்ணிக்கை ஆகியவற்றிலிருந்து பறப்புச் சோதனைச் செலவைக் கணிக்கும் சூத்திரங்களை உருவாக்கியது. தரவு அகழ்வு இதன் அடுத்த படியாகும். பணிக் கட்டளைகள், கண்டறியப்பட்ட குறைபாடுகள், திரும்பச் செய்த சோதனைகள் போன்ற ஆயிரக்கணக்கான பதிவுகளைக் கணினி ஆராய்ந்து, மனிதக் கண்ணுக்குப் புலப்படாத தொடர்புகளை வெளிக்கொணர்கின்றது. எந்த உதிரிப்பாகம் மறுசோதனைக்கு உட்படக்கூடும் என்பதை முன்கூட்டியே அறிந்தால், ஆளணியையும் சோதனைக்கூட நேரத்தையும் திட்டமிடலாம்.

ஆயினும் கடந்த காலத்தில் பதிவாகாத ஒன்றைக் கணினியால் கண்டறிய இயலாது. 2006 பெப்ரவரியில் எயார்பஸ் ஏ380 இன் இறக்கை, எதிர்பார்க்கப்பட்ட உச்சச் சுமையின் 1.5 மடங்கைத் தாங்க வேண்டியிருக்க, அதனைச் சற்று முன்னரே முறிந்தது. 2009 இல் போயிங் 787 இன் இறக்கை இணைப்பில் தென்பட்ட பலவீனம் அதன் முதற் பறப்பைப் பின்தள்ளியது. 1983 இல் 560 கோடி இந்திய ரூபா ஒதுக்கீட்டுடன் தொடங்கிய இந்தியாவின் தேஜஸ் திட்டமோ, 1998 அணுச் சோதனைகளையடுத்து அமெரிக்கா விதித்த தடையாலும் தாமதமுற்று, 2001 ஜனவரி 4 இல்தான் முதற் பறப்பைக் கண்டது. அத்தகைய தடையை எந்தப் பழைய சோதனைப் பதிவேடு முன்னறிவித்திருக்க முடியும்? ஆகவே, கணிப்பைத் தனியொரு தொகையாகவன்றி, குறைந்த எல்லைக்கும் கூடிய எல்லைக்கும் இடைப்பட்ட வீச்சாகக் கூறுவதே நேர்மையாகும்.

இதனிலும் பாரதூரமான ஆபத்து ஒன்றுண்டு. செலவைக் கணிக்கும் கருவி, சோதனையைக் குறைக்கும் கத்தரிக்கோலாக மாறிவிடலாகாது. 2018 இலும் 2019 இலும் இரு போயிங் 737 மக்ஸ் விமானங்கள் வீழ்ந்து 346 பேர் உயிரிழந்தனர். செலவையும் கால அட்டவணையையும் சார்ந்த அழுத்தங்கள் பாதுகாப்பைப் பாதித்ததாக அமெரிக்கக் காங்கிரஸ் குழுவொன்று 2020 இல் அறிக்கையிட்டது.

எமது தொழிற்சாலைகளுக்கும் இதில் பாடமுண்டு. வெற்றியடைந்த சோதனைகளை மட்டும் எழுதி, தோல்விகளை மறைக்கும் பதிவேட்டிலிருந்து எந்தக் கணினியும் உண்மையை அகழ்ந்தெடுக்காது. தோல்வியை எழுதிய ஊழியரைத் தண்டிக்காத நிர்வாகமே நம்பகமான தரவைப் பெறும். அருகிலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்துடன் கைகோர்த்து இப்பழக்கத்தை வளர்ப்பது, விலையுயர்ந்த மென்பொருளை வாங்குவதற்கு முன்னர் செய்யவேண்டிய பணியாகும்.