84 இதழ்கள், ஒரே எழுத்தாளர்: எழுதுபொருள் எங்கிருந்து வருகிறது?

1874 ஆம் ஆண்டு புனேயில் ‘நிபந்தமாலா’ என்னும் மராத்தி மாத இதழ் தொடங்கப்பட்டது. ‘கட்டுரை மாலை’ என்பது அப்பெயரின் பொருள். இதழை நடத்திய விஷ்ணு சாஸ்திரி சிப்ளூண்கர் (1850–1882) அப்போது அரசுப் பள்ளி ஆசிரியர். ஏழாண்டுகளில் 84 இதழ்கள் வெளிவந்தன. அவற்றின் கட்டுரைகளில் மிகப் பெரும்பாலானவற்றை அவர் ஒருவரே எழுதினார். மாதந்தோறும் புதிதாக எதை எழுதுவது என்னும் நெருக்கடியை அவர் எதிர்கொண்ட விதம், நவீன மராத்தி உரைநடையின் போக்கையே தீர்மானித்தவற்றுள் ஒன்றாயிற்று.

இந்நெருக்கடியை மராத்தியில் முதலில் சந்தித்தவர் சிப்ளூண்கர் அல்லர். கால் நூற்றாண்டுக்கு முன்பே, ‘லோகஹிதவாதி’ என்னும் புனைபெயரில் கோபால் ஹரி தேஷ்முக், பம்பாயிலிருந்து வெளிவந்த ‘பிரபாகர்’ வார இதழில் தொடர்ந்து எழுதினார். 1848 முதல் 1850 வரை வெளிவந்த அக்கட்டுரைகள் ‘சதபத்ரே’, அதாவது ‘நூறு கடிதங்கள்’, என அறியப்பட்டாலும் அவற்றின் எண்ணிக்கை 108. பொருள் புரியாமல் மனப்பாடம் செய்யும் கல்வி, கைம்பெண்களின் நிலை, உள்நாட்டுத் தொழில்களின் நலிவு, ஆங்கிலேயரிடம் நாடு தோற்றதற்கான காரணங்கள், நாடாளுமன்றத்தின் தேவை எனப் பொருள்கள் விரிந்தன. மேலோட்டமாகப் பார்த்தால் இவை ஒன்றோடொன்று தொடர்பற்றவை. ஆயினும் ‘இந்தச் சமூகம் ஏன் இந்நிலைக்கு வந்தது?’ என்னும் ஒரே கேள்விதான் அத்தனைக்கும் அடியில் கிடந்தது. கேள்வி ஒன்றாக இருந்தமையால், கண்ணில் பட்ட காட்சி ஒவ்வொன்றும் ஒரு கட்டுரைக்குக் கருவாயிற்று.

சிப்ளூண்கர் தமக்கான முன்மாதிரியை ஆங்கிலத்தில் கண்டார். 1750 முதல் 1752 வரை வாரம் இருமுறை ‘ராம்ப்ளர்’ இதழை நடத்தி, அதன் 208 இதழ்களையும் ஏறத்தாழத் தனியொருவராகவே எழுதிய சாமுவேல் ஜான்சன் அவருடைய ஆதர்சம். ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றை நிபந்தமாலாவில் விரிவாக எழுதினார். மெக்காலேயின் நடையும் அவரை ஈர்த்தது. ஆங்கில ஆட்சியை எதிர்ப்பதற்கான உரைநடைக் கருவியை ஆங்கிலக் கட்டுரையாளர்களிடமிருந்தே அவர் பெற்றுக்கொண்டார்.

அவருடைய முறையும் கவனத்திற்குரியது. இதழின் தொடக்கக் கட்டுரை மராத்தி மொழியின் அன்றைய நிலை பற்றியது. மொழி, வரலாறு, புலமைக்கும் கவித்துவத்துக்கும் உள்ள உறவு, வாசிப்பு, சொல்வன்மை, மக்களிடையே நிலவும் மூடநம்பிக்கைகள் எனப் பிற கட்டுரைகள் விரிந்தன. ஒரு பொருளை ஓர் இதழில் முடித்துவிடும் அவசரம் அவரிடம் இல்லை. பெரிய கட்டுரைகள் பல இதழ்களுக்குத் தொடர்ந்தன. அடிமைப்பட்ட நாட்டின் தன்மதிப்பை மொழியின் வழியே மீட்பது என்னும் நோக்கம் அவற்றைப் பிணைத்தது. ‘நம் நாட்டின் நிலை’ என்னும் அவருடைய இறுதிப் பெருங்கட்டுரையைப் பிற்காலத்தில் ஆங்கில அரசு தடை செய்தது.

எனினும், ஒரே நோக்கத்தைக் கொண்டு ஏழாண்டுகள் எழுதுபவருக்கு எளிதில் கைக்கு எட்டும் பொருள் எதிராளிதான். எதிராளி எழுதிய வரிகளே மறுப்புக்குக் கட்டமைப்பைத் தந்துவிடும். வாசகரின் ஆர்வமும் தானே வந்து சேரும். சிப்ளூண்கரின் கூர்மையான எள்ளல் இதற்குப் பெரிதும் பொருந்தியது. தமக்கு முன் பாதை வகுத்த லோகஹிதவாதியையே அவர் நீண்ட கட்டுரையில் கடுமையாகத் தாக்கினார். 1873 இல் சத்தியசோதக் சமாஜத்தை நிறுவிய ஜோதிராவ் பூலேயின் எழுத்துகளும் அவருடைய ஏளனத்துக்கு இலக்காயின. பூலேயின் பேச்சு வழக்கு சார்ந்த மராத்தியில் இலக்கணப் பிழைகளைப் பொறுக்கி எடுத்து எள்ளி நகையாடினார்.

நிபந்தமாலாவின் வறட்சி வெளிப்படுவது இங்கேதான். அதே 1873 இல் வெளிவந்த ‘குலாம்கிரி’ நூலில் பூலே எழுப்பியது, அறிவும் அதிகாரமும் ஏன் ஒரு சாதியிடம் குவிந்தன என்னும் கேள்வி. மொழியைப் பற்றி ஏழாண்டுகள் எழுதிய ஒருவருக்கு, அம்மொழியைப் பேசும் பெரும்பான்மையினருக்குக் கல்வி ஏன் எட்டவில்லை என்பது வற்றாத எழுதுபொருளாக இருந்திருக்கக் கூடும். சிப்ளூண்கர் கேள்வியை விட்டுவிட்டு, கேட்டவரின் வேற்றுமை உருபுகளைத் திருத்தினார். ஏளனம் அந்த மாதத்து இதழை நிரப்பியது. கேள்வி அப்படியே நின்றது.

சிப்ளூண்கர் 1882 மார்ச்சில், 32 வயது நிறையுமுன் மறைந்தார். மறு ஆண்டில் பூலே ‘சேத்கர்யாச்சா ஆசூட்’, அதாவது ‘உழவனின் சாட்டை’, என்னும் நூலை எழுதி முடித்தார். வரிச்சுமை, கடன், அதிகாரிகளின் சுரண்டல், சடங்குச் செலவுகள், வளமிழந்த மண், குறைந்துபோன கால்நடைகள், உழவர் குடிசையின் உள்ளே இருந்த பொருள்கள் வரை அதில் இடம்பெற்றன. புனேயைச் சுற்றியிருந்த ஊர்களில் எவர் கண்ணுக்கும் தெரிந்தவையே இவை. எழுதுபொருளுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. எவற்றை எழுதத் தகுந்தவையாகக் கருதுவது என்பதில்தான் வேறுபாடு இருந்தது.

மராத்திக் கட்டுரை வடிவத்துக்குச் செறிவையும் வீச்சையும் தந்தவர் சிப்ளூண்கர் என்பதில் ஐயமில்லை. 84 இதழ்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடவும் இயலாது. ஆயினும் இவ்வரலாறு, தொடர்ந்து எழுதுவோருக்கு ஓர் அளவுகோலை விட்டுச் சென்றுள்ளது. எத்தனை தலைப்புகள் கிடைத்தன என்பதைக் காட்டிலும், எந்தக் கேள்விகள் ஏளனத்தோடு கடந்து செல்லப்பட்டன என்பதே ஓர் எழுத்தாளருடைய எல்லையைத் துல்லியமாகக் காட்டுகிறது.