இலவச நிலமும் மாட்டுப் பண்ணையும்

ஒரு குடும்பம் சிறியதொரு மாட்டுப் பண்ணை தொடங்குவதற்கு என்ன செலவாகும்? கேட்ட மாத்திரத்தில் இது கணக்குப்பிள்ளையின் கேள்வியாகத் தோன்றும். ஆயினும், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குச் சமவெளியின் சரித்திரத்தை இந்தக் கேள்வியோடு புரட்டிப் பார்த்தால், வீர சாகசக் கதைகளிலும் சினிமாக்களிலும் காணக் கிடைக்காத பல செய்திகள் வெளிப்படுகின்றன. குதிரை மீதேறித் துப்பாக்கி சுழற்றும் இடையர்களைப் பற்றி நாம் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறோம். வேலிக்குக் கம்பி வாங்கப் பணமின்றித் தவித்த குடியானவனைப் பற்றிக் கேள்விப்பட்டது குறைவு.

1862-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் தேதி ஜனாதிபதி லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். குடியிருப்பு நிலச் சட்டம் என்று அதைக் கூறலாம். அரசாங்கத்துக்குரிய நிலத்தில் 160 ஏக்கரை எந்தக் குடும்பத் தலைவரும் கேட்டுப் பெறலாம்; ஐந்து ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, பயிர் செய்தால் நிலம் அவருக்கே சொந்தம். மணமாகாத பெண்களும் விதவைகளும்கூட மனுச் செய்ய இடமிருந்தது. கட்டணம், மனுச் செய்யும்போது பத்து டாலரும் நில அலுவலருக்கு இரண்டு டாலரும், பட்டா பெறும்போது ஆறு டாலரும் ஆக மொத்தம் 18 டாலர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர்கள், சட்ட வாசகத்தில் ‘இலவசம்’ என்ற சொல்லைக் கண்டால் சற்றே நின்று அடுத்த வரியையும் படிப்பது வழக்கம். இந்தச் சட்டத்துக்கும் அப்படியோர் அடுத்த வரி உண்டு. ஆனால் அது காகிதத்தில் எழுதப்படவில்லை, மண்ணில்தான் எழுதப்பட்டிருந்தது.

முதலாவதாக, அந்த நிலம் யாருக்கும் உரியதல்லாத வெற்று நிலமன்று. லகோட்டா, ஷையென், பானி முதலிய பழங்குடி மக்கள் காட்டெருமை மந்தைகளைத் தொடர்ந்து வாழ்ந்த பூமி அது. 1870-களில் அந்த மந்தைகள் தோலுக்காகச் சுட்டு வீழ்த்தப்பட்டு ஏறத்தாழ அழிந்தே போயின. உடன்படிக்கைகள் மீறப்பட்டன, மக்கள் ஒதுக்கப்பட்ட எல்லைகளுக்குள் துரத்தப்பட்டனர். நிலத்தின் முதல் விலையைக் கொடுத்தவர்கள் இவர்களே. பண்ணைக்காரனின் செலவுக் கணக்கில் இவர்களின் பெயர் வருவதில்லை.

இரண்டாவது சங்கதி, புல்லைப் பற்றியது. கிழக்கே மழை வளமுள்ள மாநிலங்களில் 160 ஏக்கர் என்பது ஒரு குடும்பம் வசதியாக வாழப் போதுமான பண்ணை. மேற்கே செல்லச் செல்ல மழை குறைகிறது. அங்கே ஒரு பசு ஆண்டு முழுவதும் மேய்ந்து பிழைக்கப் பதினைந்து இருபது ஏக்கர் வேண்டும். வறண்ட இடங்களில் அதற்கும் மேல். அப்படியானால் 160 ஏக்கரில் எட்டு அல்லது பத்துப் பசுக்களை வளர்க்கலாம். ஆண்டுக்கு ஏழெட்டுக் கன்றுகள். அவற்றில் பாதி காளைக்கன்று. அக்காலத்தில் அவற்றை மூன்று நான்கு ஆண்டுகள் வளர்த்த பிறகே விற்பார்கள். ஆக, முதல் வருமானம் கைக்கு வரும் வரை குடும்பம் எதைச் சாப்பிடும்? பண்ணையின் செலவுகளிலெல்லாம் பெரியது இந்தக் காத்திருப்புத்தான் என்பது என் எண்ணம்.

இதை அந்நாளிலேயே கண்டு சொன்னவர் ஒருவர் உண்டு. கொலராடோ ஆற்றின் மாபெரும் பள்ளத்தாக்கைப் படகில் கடந்த ஜான் வெஸ்லி பவல் என்பவர், வறண்ட நிலங்களைப் பற்றி 1878-இல் அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை அளித்தார். மேய்ச்சல் பண்ணை என்றால் 2,560 ஏக்கருக்குக் குறையக் கூடாது. அதில் சிறு பகுதிக்கேனும் பாசன நீர் இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. சட்டம் கொடுத்ததைப் போல் பதினாறு மடங்கு! சட்டசபையார் அதைக் காதில் போட்டுக் கொள்ளவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 1881-இல், ஜேம்ஸ் பிரிஸ்பின் என்ற படை அதிகாரி, சமவெளியில் மாடு வளர்த்துப் பணக்காரராவது எப்படி என்று ஒரு நூல் எழுதினார். மக்கள் எதை விரும்பிப் படித்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இனி வேலிக்கு வருவோம். சமவெளியில் மரம் அபூர்வம். ஆகவே மரவேலி என்பது எட்டாக் கனி. 1874-இல் இல்லினாய் மாநிலத்து ஜோசப் கிளிட்டன் என்ற குடியானவர் முள்கம்பிக்கு உரிமை பெற்றார். அவ்வாண்டில் நூறு ராத்தல் கம்பியின் விலை 20 டாலர். 160 ஏக்கர் சதுர நிலத்தின் சுற்றளவு இரண்டு மைல். மூன்று வரிசை கட்டினால் ஆறு மைல் கம்பி, அதாவது ஏறக்குறைய 2,000 ராத்தல். எனவே நானூறு டாலர்! பதினெட்டு டாலருக்குக் கிடைத்த நிலத்தைச் சுற்றி வளைக்க நானூறு டாலர். கம்பம் நடும் செலவு இதில் சேரவில்லை. ஆனால் இயந்திரச் சாலைகள் பெருகி, 1897-இல் கம்பியின் விலை நூறு ராத்தல் இரண்டு டாலருக்கும் கீழே இறங்கியது. அதே வேலிக்கு நாற்பது டாலர்கூட ஆகவில்லை. சிறு பண்ணைக்காரனுக்கு வழி திறந்ததில், சட்டத்தைப் போலவே இந்த விலை வீழ்ச்சிக்கும் பெரும் பங்குண்டு.

வீடு கட்டும் செலவு மட்டும் சொற்பம். புல்வேரோடு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டியெடுத்துச் சுவர் எழுப்பினார்கள். கதவு, கண்ணாடி, கூரைக்கு நடுவிட்டம் இவ்வளவுதான் விலைக்கு வாங்குவது. மழை பெய்தால் கூரை ஒழுகும். சில சமயம் பாம்பும் விழும். விறகில்லாத அந்த நாட்டில் அடுப்பெரித்தது எதைக்கொண்டு என்று நினைக்கிறீர்கள்? நம் ஊர் வறட்டியேதான்! முதலில் காட்டெருமைச் சாணம், பிறகு மாட்டுச் சாணம். முகம் சுளித்த பெண்மணிகள் ஒரு குளிர்காலத்துக்குள் அதற்குப் பழகிவிட்டார்கள். வெண்ணெயும் முட்டையும் விற்று மளிகைக் கடன் தீர்த்தவர்களும் அவர்களே. கடன் வாங்கினால் வட்டி நூற்றுக்குப் பத்து, சில இடங்களில் அதற்கும் மேல். ஈடு வைக்க மாட்டைத் தவிர வேறென்ன இருந்தது?

1886-ஆம் ஆண்டுக் கோடையில் மழை பொய்த்தது. தொடர்ந்து வந்த குளிர்காலத்தில் பனிப்புயல் மேல் பனிப்புயலாக வீசிப் புல்லெல்லாம் உறைபனிக்குள் மூழ்கியது. மாடுகள் வேலியோரங்களிலும் ஓடைக்கரைகளிலும் குவியல் குவியலாக மடிந்தன. பின்னாளில் ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட், டக்கோட்டாவில் மாட்டுப் பண்ணைகளில் சுமார் 80,000 டாலர் போட்டிருந்தார். அதில் பாதிக்கு மேல் கரைந்து போயிற்று. அவருக்கு நியூயார்க்கில் வீடும் உறவும் இருந்தன, திரும்பிச் சென்றார். திரும்பிச் செல்ல வீடில்லாதவர்கள், குளிர்காலத்துக்கு வைக்கோல் சேமிக்காமல் மாடு வளர்க்கலாகாது என்ற பாடத்தோடு அங்கேயே தங்கினார்கள். அதனால் புல் அறுக்கும் கருவி, வாரும் கருவி, அவற்றை இழுக்கக் குதிரைகள் என்று செலவுப் பட்டியல் நீண்டது.

பவல் சொன்னதில் கால் பங்கை அரசாங்கம் ஏற்றுக்கொள்ள இருபத்தாறு ஆண்டுகள் ஆயின. 1904-இல், ரூஸ்வெல்ட் ஜனாதிபதியாக இருக்கையில், நெப்ராஸ்காவின் மேற்குப் பகுதியில் 37 வட்டங்களுக்கு மட்டும் ஒரு தனிச் சட்டம் வந்தது. மோசஸ் கின்கெய்ட் என்ற உறுப்பினர் கொண்டுவந்ததால் அவர் பெயராலேயே வழங்குகிறது. இதன்படி ஒருவருக்கு 640 ஏக்கர். ஆனால் ஏக்கருக்கு ஒன்றேகால் டாலர் வீதம், அதாவது 800 டாலர் மதிப்புக்கு நிலத்தில் அபிவிருத்தி செய்து காட்ட வேண்டும். வேலி, கிணறு, வீடு எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். இங்கே சட்டமே செலவை ஒப்புக்கொள்கிறது.

அந்தப் பகுதி மணற்குன்று நாடு. மேலே புல் போர்த்த மணல். கீழே அதிக ஆழமின்றி நிலத்தடி நீர். காற்றாலை ஒன்று வைத்தால் மாட்டுக்குத் தண்ணீர் உண்டு. வந்தவர்களில் பலர் ஏர் பூட்டி உழுதார்கள். புல் போனதும் மணல் பறந்தது. மாடு மேய்த்தவர்களுக்கும் 640 ஏக்கரில் முப்பது நாற்பது பசுக்களுக்கு மேல் இயலவில்லை. கறுப்பின மக்களும் 1907 முதல் செர்ரி வட்டத்தில் டிவிட்டி என்ற ஊரைச் சுற்றிக் குடியேறி, பள்ளியும் கோயிலும் கட்டி வாழ்ந்தனர். 1930-களில் அவ்வூர் கலைந்துவிட்டது. சொந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் சங்கமும் பள்ளியும் அமைத்து வாழும் நேயர்களுக்கு, ஓர் ஊர் கலைவது என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

பெரிய பண்ணையார்களோ, 1885-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தும்கூட, அரசாங்க நிலத்தையே வேலி போட்டு வளைத்திருந்தார்கள். ஸ்பேட் பண்ணையின் பார்ட்லெட் ரிச்சர்ட்ஸுக்கு 1905-இல் கிடைத்த தண்டனை 300 டாலர் அபராதமும் ஆறு மணி நேரக் காவலும்! ரூஸ்வெல்ட் வெகுண்டெழுந்தார். மறுவழக்கு நடந்து ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. தண்டனைக் காலத்திலேயே 1911-இல் ரிச்சர்ட்ஸ் காலமானார். ஆயினும் சிறு குடியானவர் விட்டுச் சென்ற நிலங்களைப் பக்கத்துப் பண்ணைகளே வாங்கிச் சேர்த்தன. நாலைந்து கின்கெய்ட் பங்குகள் ஒன்று சேர்ந்தபோது, பவல் குறித்த 2,560 ஏக்கர் அளவுக்குச் சில குடும்பங்கள் தாமாகவே வந்து சேர்ந்தன.

1916-இல் மற்ற மேற்கு மாநிலங்களுக்கும் 640 ஏக்கர்ச் சட்டம் விரிந்தது. ஆனால் பூமிக்கடியிலுள்ள கனிமங்களை அரசாங்கம் தன்னிடமே நிறுத்திக் கொண்டது. 1934-இல் டெய்லர் மேய்ச்சல் சட்டம் வந்து, பொது நிலத்தில் கேட்பாரின்றி மாடு மேய்க்கும் காலம் முடிந்தது. 1936 முதல் ஒரு மாட்டுக்கு மாதம் ஐந்து சென்ட் கட்டணம். அதுவரை இலவசம் என்று சொல்லப்பட்ட புல்லுக்கு அரசாங்கம் விலை குறித்தது அப்போதுதான்.